‘ஸ்லேக்’ என்றால் ‘தணி’ மட்டும்தானா?



அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவரின் கையில் ஆங்கிலச் சொற்களஞ்சிய நூல் ஒன்றைக் கண்டேன். கடைகளில் விற்கும் பயிற்சி நூல்தான். எந்தப் பதிப்பகம் வெளியிட்டது என்பது இங்குத் தேவையில்லை. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப்பொருள். அதில் குவெஞ்ச், ஸ்லேக், அலே, அப்பீஸ், அஸ்வேஜ் என்னும் ஐந்து வினைச்சொற்களுக்கும் நேராகத் ‘தணி’ என்ற ஒரே சொல் அச்சிடப்பட்டிருந்தது. அம்மாணவர் ஐந்தையும் மனனம் செய்துவிட்டார். கேட்டால் தயங்காமல் ஒப்புவிக்கிறார்.

பொருள் தவறன்று. எந்த அகராதியைப் புரட்டினாலும் ஏறத்தாழ இதுதான் கிடைக்கும். ஆனால் ஐந்து சொல்லுக்கும் ஒரே பொருள் என்றால் ஆங்கிலேயர் ஏன் ஐந்து சொற்களை வைத்திருக்கிறார்கள் என்ற வினா அம்மாணவருக்கு எழவே இல்லை. எழாதபடி நாம்தான் பழக்கியிருக்கிறோம். அந்த வினாவை எழுப்பினால் என்ன கிடைக்கும் என்பதை ஒரே ஒரு சொல்லைக் கொண்டு காட்டலாம் என்று எண்ணுகிறேன். அச்சொல் ‘ஸ்லேக்’. தாகத்தைத் தணித்தல் என்னும் பொருளில் இன்றும் ஆங்கில எழுத்தில் வழங்கும் பழஞ்சொல்.

‘லேக்’, ‘கேக்’ என்பவற்றைப் போலவே இதனை ஒலிக்கவேண்டும். இதன் பிறப்பிடம் பழைய ஆங்கிலம். அதாவது 1066-ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்னர் அம்மக்கள் பேசிய மொழி. அம்மொழியில் ‘ஸ்லாக்’ என்று ஒரு பெயரடை இருந்தது. தளர்ந்த, முறுக்கில்லாத, ஊக்கம் குன்றிய என்பது அதன் பொருள். இன்றைய ஆங்கிலத்திலும் அது அப்படியே வாழ்கிறது. கயிறு தொய்ந்து கிடந்தால் அதனை ‘ஸ்லாக்’ என்பர். வேலையில் சுணங்குபவரைத் திட்டுவதற்கும் அச்சொல் உதவும். அப்பெயரடையிலிருந்து ‘ஸ்லாகியன்’ என்னும் வினைச்சொல் பிறந்தது. தளர்தல், முயற்சியில் சோர்தல், காலம் தாழ்த்துதல் என்பன அதன் தொடக்கப் பொருள்கள். அங்கே தாகமும் இல்லை, தண்ணீரும் இல்லை!

பிறகு அவ்வினை ‘ஒன்றைத் தளரச் செய்’ என்ற பொருளைப் பெற்றது. இறுகிய ஒன்றை நெகிழ்த்துதல், கடுமையான ஒன்றின் கடுமையைக் குறைத்தல் என்று பொருள் விரிந்தது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாகம், பசி, ஆசை, சினம் ஆகியவற்றைத் தணிப்பதற்கும் அச்சொல்லே வழங்கலாயிற்று. அக்கால ஆங்கிலேயரின் மனத்தில் தாகம் என்பது முறுக்கேறிய ஒரு கயிறு. நீர் உள்ளே இறங்க இறங்க அம்முறுக்கு தளர்கிறது. உழைத்துக் களைத்து வந்து ஒரு குவளை நீரை அருந்தியவுடன் தொண்டையிலும் நெஞ்சிலும் ஏதோ ஓர் இறுக்கம் விடுபடுவதை நாம் எல்லாரும் உணர்ந்திருக்கிறோம் அல்லவா? அந்த உணர்ச்சிதான் அச்சொல்லின் கரு.

‘ஸ்லாக்’ என்னும் குறில் ஓசை ‘ஸ்லேக்’ என மாறியது எப்படி என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். கேட்டால் மகிழுங்கள். ‘கிளாஸ்’ என்னும் கண்ணாடியிலிருந்து ‘கிளேஸ்’ என்னும் வினை வந்தது. அதற்குக் கண்ணாடி பதித்தல் என்று பொருள். ‘கிராஸ்’ என்னும் புல்லிலிருந்து ‘கிரேஸ்’ என்னும் வினை வந்தது. அது புல் மேய்தல். அதே வாய்பாட்டில் அமைந்ததுதான் ‘ஸ்லாக்’, ‘ஸ்லேக்’. பழங்காலத்தில் வினைச்சொல்லின் முடிவில் ஓர் அசை கூடுதலாக இருந்தது. அதனால் முன்னிருந்த உயிர் நீண்டது. பின்னர் அந்த ஈற்றசை தேய்ந்து மறைந்தது; நீட்சி மட்டும் தங்கிவிட்டது. மூன்று இணைகளை வெண்பலகையில் எழுதிக் காட்டினால் போதும். ஆங்கில எழுத்துக்கூட்டல் வெறும் குழப்பம் என்று எண்ணியிருந்த பிள்ளைகள் அதற்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டென்று கண்டுகொள்வர்.

இதன் உறவினரைத் தேடிப் போனால் இலத்தீன் வரை செல்லலாம். தளர்ந்த என்னும் பொருளுடைய ‘லாக்ஸுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லும் இதே தொல்வேரிலிருந்து கிளைத்ததே. நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் ‘ரிலாக்ஸ்’ அதன் வழி வந்தது. ‘ரிலீஸ்’ என்னும் சொல்லும் அதே இலத்தீன் வினை பழைய பிரெஞ்சு வழியாக உருமாறி வந்ததுதான். ஆக, தாகத்தைத் தணிக்கும் ‘ஸ்லேக்’, ஓய்வெடுக்கும் ‘ரிலாக்ஸ்’, விடுவிக்கும் ‘ரிலீஸ்’ ஆகிய மூன்றும் ஒரே குடும்பம்.

ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப் போற்றப்படும் சாசர் 1400-இல் மறைந்தவர். அவருடைய ‘கேன்டர்பரி கதைகள்’ நூலின் முதற்கதையில் தீசியஸ் என்னும் தலைவன் கடுஞ்சினம் கொண்டு இரண்டு இளைஞர்களுக்குச் சாவுத் தண்டனை விதிக்கிறான். அரசியும் பெண்டிரும் அழுது மன்றாட, அவன் சினம் மெல்லத் தணிகிறது. அவ்விடத்தில் சாசர் பயன்படுத்துவது ‘அஸ்லேக்’ என்னும் வடிவத்தை. நான்கு நூற்றாண்டுகள் கழித்து, 1798-இல், முதிய மாலுமி ஒருவனைப் பற்றிய நெடும்பாட்டை வெளியிட்ட கோல்ரிட்ஜ், கடலின் நடுவே குடிநீரின்றித் தவிப்போரின் தொண்டையைச் சொல்லும்போது அதே வினையின் எதிர்மறை வடிவத்தை ஆள்கிறார். சினத்திற்கும் தாகத்திற்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தியது என்பது இப்போது விளங்குகிறதா? இரண்டும் இறுகியவை, இரண்டும் தளரவேண்டியவை.

இனித் தமிழுக்கு வருவோம். நம் மொழியிலும் சினத்தையும் பசியையும் ஒரே வினை ஆள்கிறது. ‘ஆறு’ என்பதே அது. சூடான பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனம் ஆறுகிறது, பசி ஆறுகிறது. ஔவையாரின் ஆத்திசூடியில் ஆகாரத்திற்குரிய அடி சினத்தைப் பற்றிப் பேசுகிறது. அங்கே ‘அணை’, ‘அவி’, ‘ஒழி’ என்றெல்லாம் சொல்லாமல் ‘ஆறு’ என்ற வினையைத்தான் ஔவையார் தேர்ந்துகொண்டார். முதலாம் ஆண்டுப் பிள்ளையும் அதனை ஒப்புவிக்கும். ஆங்கிலேயர் தளர்ச்சியாகக் கண்டதை நாம் வெப்பம் குறைவதாகக் கண்டோம் என்பதே வேறுபாடு. வெயில் சுடும் மண்ணில் வளர்ந்த மொழி அப்படித்தானே காணும்! ‘தண்’ என்றால் குளிர்ச்சி. குளிர்ந்த நீரே தண்ணீர். ‘தணி’ என்னும் வினை ஒலியாலும் பொருளாலும் அதன் அருகிலேயே நிற்கிறது.

மலேசியத் தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு தனிப்பெருமையும் உண்டு. காலையில் ஒருவரைக் கண்டால் “பசியாறிட்டீங்களா?” என்றுதான் கேட்கிறோம். காலையுணவுக்கே ‘பசியாறல்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். தமிழகத்திலிருந்து வரும் நண்பர்கள் இதனைக் கேட்டு வியப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அங்கே நாளிதழ்களும் வானொலியும் ‘சிற்றுண்டி’ என்றும் ‘டிபன்’ என்றும் சொல்லிக்கொண்டிருக்க, இங்கே எழுத்தறியாத பாட்டிமாரும் ‘பசியாறு’ என்றனர்.

‘குவெஞ்ச்’ என்பதன் கதை முற்றிலும் வேறு. அது தீயைச் சேர்ந்த சொல். பழைய ஆங்கிலத்தில் ‘க்வின்கன்’ என்றால் தீயோ விளக்கோ தானாக அணைந்துபோதல். ‘ஆக்வென்ச்சன்’ என்றால் அதனை ஒருவர் அணைத்தல். பின்னதன் வழிவந்ததே இன்றைய ‘குவெஞ்ச்’. தானாக அணைவதைக் குறித்த முன்னது வழக்கொழிந்துவிட்டது. எனவே தாகத்தை ‘குவெஞ்ச்’ செய்தால், தாகம் ஒரு தீ. அதன்மேல் நீரை ஊற்றி அணைக்கிறோம். ‘ஸ்லேக்’ செய்தால், தாகம் ஒரு முறுக்கு; அது நீரால் நெகிழ்கிறது. கொல்லர் பழுக்கக் காய்ச்சிய எஃகை நீரில் தோய்த்தெடுப்பதையும் ‘குவெஞ்ச்’ என்பர். அங்கே ‘ஸ்லேக்’ ஒருபோதும் வாராது. எஃகு அப்போது தளர்வதில்லை, இறுகுகிறது!

இங்கே தமிழாசிரியர்களின் கவனத்தை ஒரு செய்தியின்பால் ஈர்க்க விரும்புகிறேன். மேலே கண்ட பழைய ஆங்கில இணை என்ன? தானே அணைதல்; பிறர் அணைத்தல். தன்வினை, பிறவினை! நாம் தொடக்கப்பள்ளியிலேயே கற்பிக்கும் இலக்கணம். தமிழில் ‘விளக்கு அணைந்தது’, ‘விளக்கை அணைத்தான்’ என்கிறோம். ‘தாகம் தணிந்தது’, ‘தாகத்தைத் தணித்தான்’ என்கிறோம். ‘ஆறு’ என்பது ‘ஆற்று’ ஆகிறது. ‘தளர்’ என்பது ‘தளர்த்து’ ஆகிறது. ஆங்கிலத்திலும் பண்டு இத்தகைய இணைகள் நிறைய இருந்தன. பல இன்றும் எஞ்சியுள்ளன. ஆனால், அவை இணைகள் என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

‘சிட்’ என்றால் அமர். ‘செட்’ என்றால் அமர்த்து. ‘லை’ என்றால் கிட. ‘லே’ என்றால் கிடத்து. ‘ஃபால்’ என்றால் வீழ். ‘ஃபெல்’ என்றால் மரத்தை வெட்டி வீழ்த்து. ‘ரைஸ்’ என்றால் எழு. ‘ரெய்ஸ்’ என்றால் எழுப்பு. இவை யாவும் தன்வினை பிறவினை இணைகளே. இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ‘டிரிங்க்’, ‘டிரெஞ்ச்’ என்னும் இணை. ‘டிரெஞ்ச்’ என்றால் மழையில் தெப்பமாக நனைதல் என்றே நம் பிள்ளைகள் அறிவர். அதன் பழம்பொருள் குடிக்கச் செய்தல், அதாவது புகட்டுதல். கால்நடைகளுக்கு வாயைத் திறந்து மருந்து புகட்டுவதை ஆங்கிலேய உழவர் இன்றும் ‘டிரெஞ்ச்’ என்றே சொல்கின்றனர். ‘டிரிங்க்’ என்பதிலிருந்து ‘டிரெஞ்ச்’ எப்படி வந்ததோ, அவ்வாறே ‘க்வின்கன்’ என்பதன் இணையாக ‘குவெஞ்ச்’ வந்தது. இரண்டின் ஈற்றிலும் ஒரே ‘ஞ்ச்’ ஒலி கேட்கிறதல்லவா? பிறவினையாக்கும் ஒரு பழைய விகுதி அங்கே இருந்தது. அதில் இருந்த யகர ஒலி முன்னுள்ள உயிரைத் திரித்து, ககரத்தைச் சகரமாக்கிவிட்டு, தான் மறைந்துபோனது.

‘லை’, ‘லே’ என்னும் இரண்டையும் மாற்றி எழுதாத மாணவர் அரிது, பெரியவர்களும் அப்படியே. ‘கிட’, ‘கிடத்து’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘புத்தகம் மேசைமேல் கிடக்கிறது’, ‘புத்தகத்தை மேசைமேல் கிடத்து’. தமிழ் இலக்கணம் கற்ற பிள்ளைக்கு இதில் ஐயமே வராது. ஆங்கிலேயக் குழந்தைக்குக்கூட இல்லாத ஒரு வசதி இது. ஆங்கிலத்தில் அந்த விகுதி மறைந்துவிட்டது. தமிழில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

அந்தப் பயிற்சி நூலின் எஞ்சிய மூன்று சொற்களையும் விரைவாகப் பார்த்துவிடுவோம். ‘அலே’ என்பது இப்போது சொன்ன ‘லே’ என்பதன் முன்னொட்டுப் பெற்ற வடிவம். அச்சத்தையும் வலியையும் கீழே கிடத்திவிடுதல். ‘அப்பீஸ்’ என்பதில் ‘பீஸ்’, அதாவது அமைதி, கண்ணுக்கு நேராகவே நிற்கிறது. சினந்தவரை அமைதிக்குக் கொண்டுவருதல். ‘அஸ்வேஜ்’ என்பதன் உள்ளே இருப்பது இனிமை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல். துயரை இனிமையாக்கி மாற்றுதல். அணைத்தல், தளர்த்தல், கிடத்தல், அமைதிப்படுத்தல், இனிமையாக்கல் என்று ஐந்து வேர்கள், ஐந்து காட்சிகள். இவை அனைத்தையும் ஒரு ‘தணி’யில் அடைத்துவிட்டது அந்நூல்.

‘ஸ்லேக்’ இன்று உறுதியாக வாழும் மற்றோர் இடம் அறிவியல். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் கரிவளி வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதன்மேல் நீரைத் தெளித்தால் சீறும், கொதிக்கும், உப்பி வெடித்துப் பொடியாகும். அப்பொடிதான் வெற்றிலையில் தடவும் நீற்றிய சுண்ணாம்பு. ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘குவிக் லைம்’, பின்னதற்கு ‘ஸ்லேக்ட் லைம்’. இந்தக் ‘குவிக்’ விரைவைக் குறிப்பதன்று. பழைய ஆங்கிலத்தில் அதற்கு உயிருள்ள என்று பொருள். நீர் பட்டவுடன் சீறுவதால் அது உயிருள்ள சுண்ணாம்பு. சீற்றம் அடங்கியபின் அது தளர்த்தப்பட்ட சுண்ணாம்பு.

பிரெஞ்சுக்காரரும் செருமானியரும் இதனை ‘அணைக்கப்பட்ட சுண்ணாம்பு’ என்பர்; அவர்கள் தீயின் காட்சியைப் பிடித்துக்கொண்டனர். மலாய்மொழியில் ‘காப்பூர் மாத்தி’, அதாவது இறந்த சுண்ணாம்பு. தமிழில் நாம் ‘நீற்றுதல்’ என்கிறோம். ‘நீறு’ என்றால் சாம்பல், பொடி. நெற்றியில் அணியும் திருநீற்றில் உள்ள அதே நீறு. சுண்ணாம்புக் காளவாய்க்கு ‘நீற்றறை’ என்பது பழம்பெயர். அப்பரடிகளை அதனுள் அடைத்த வரலாற்றைச் சமய வகுப்பில் பிள்ளைகள் கேட்டிருப்பர். இங்கும் பாருங்கள்: ‘நீறு’ தன்வினை, ‘நீற்று’ பிறவினை. ஒரே பொருளை ஒரு மொழி உயிரடங்கியதாகவும், இன்னொன்று தளர்ந்ததாகவும், மற்றொன்று பொடியானதாகவும் பார்க்கிறது. நம் பிள்ளைகள் ஏறி இறங்கும் பத்துமலையும், ஈப்போ நகரைச் சூழ்ந்த குன்றுகளும் சுண்ணாம்புக்கற்களே. அறிவியல் பாடத்திற்கும் மொழிப்பாடத்திற்கும் இதைவிடப் பொருத்தமான பாடத்துணைப்பொருள் எங்கே கிடைக்கும்?

சுண்ணாம்பைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் செல்ல மனமில்லை. சிங்கப்பூரில் 1856-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1862-இல் திருநிலைப்படுத்தப்பெற்ற புனித ஆண்ட்ரூ பேராலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அதன் உட்சுவர்களுக்குப் பூசப்பட்ட சாந்தை ‘மெட்ராஸ் சுனாம்’ என்றனர். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, வெல்லம் போன்ற முரட்டுச் சர்க்கரை ஆகியவற்றை அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசி, காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்களாம். ‘சுனாம்’ என்பது நம் ‘சுண்ணம்’. ஆங்கில அகராதிகளில் அது இன்றும் இடம்பெற்றிருக்கிறது. ‘சுண்ணம்’ என்பதோ வடமொழிச் ‘சூர்ணம்’ என்பதோடு தொடர்புடையது. மொழிகள் கொடுத்தும் வாங்கியும்தான் வாழ்கின்றன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘ஸ்லேக்’ என்றால் தளர்த்து. தமிழில் ‘இளக்கு’ என்றாலும் தளர்த்து. ஆகவே ‘இளக்கு’ என்பதே ‘ஸ்லேக்’ ஆயிற்று என்று எவரேனும் நாளை எழுதக்கூடும். இதுபோன்ற ஆய்வுகள் புலனக் குழுக்களில் நாள்தோறும் உலா வருகின்றன. கேட்பதற்கு இனிக்கும். ஆனால் அது சொல்லாய்வன்று. ‘ஸ்லேக்’ என்னும் சொல்லை நூற்றாண்டு நூற்றாண்டாகப் பின்னோக்கிப் பின்தொடர ஏடுகள் உள்ளன. அவ்வழியில் எங்கும் தமிழ் குறுக்கிடவில்லை. கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்திற்குச் சென்ற கதை மெய்யானது. மெய்யானவை கையில் இருக்கும்போது பொய்யானவற்றை ஏன் சுமக்கவேண்டும்? வகுப்பில் நாம் சொல்லும் ஒரு பொய், இணையத்தில் தேடத் தெரிந்த ஐந்தாம் ஆண்டு மாணவரிடம் மாட்டிக்கொள்ளும். பிறகு நாம் சொல்லும் மெய்யையும் அவர் நம்பமாட்டார்.

பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: “டீச்சர், தமிழ்ப்பள்ளியில் படித்தால் ஆங்கிலத்தில் பின்தங்கிவிட மாட்டானா? வீட்டில் தமிழைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா?” அக்கறையோடு கேட்கிறார்கள், குறைகூற ஏதுமில்லை. ஆனால் ஒரு மொழியைக் குறைத்தால் இன்னொன்று கூடும் என்பது தராசுத்தட்டுக் கணக்கு. மொழிகள் அவ்வாறு இயங்குவதில்லை. தன்வினையும் பிறவினையும் தெளிவாக அறிந்த பிள்ளை ‘லை’, ‘லே’ குழப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதை என் வகுப்பிலேயே பார்க்கிறேன். தாகம் தணிவதற்கும் விளக்கு அணைவதற்கும் பசி ஆறுவதற்கும் தனித்தனி வினைகளை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, ‘ஸ்லேக்’, ‘குவெஞ்ச்’ வேறுபாட்டை விளக்க ஐந்து மணித்துளி போதும். வீட்டில் எல்லாவற்றையும் ‘ஆஃப் பண்ணு’ என்று மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அதை எங்கிருந்து தொடங்குவது? விளக்கை அமர்த்தச் சொல்லுங்கள், அடுப்பை அணைக்கச் சொல்லுங்கள், பாலை ஆற்றித் தரச் சொல்லுங்கள். அது தமிழுக்கு மட்டும் செய்யும் உதவியன்று.

மலாய்மொழிக்கும் இது பொருந்தும். தீயை அணைக்க ‘மெமாடாம்கான்’ என்கிறோம். தாகத்திற்கோ ‘மெலெபாஸ்கான் டாஹாகா’ என்பது நல்ல வழக்கு. ‘லெபாஸ்’ என்றால் விடுபடுதல். தாகத்தை விடுவிக்கிறார்கள் மலாய்க்காரர்கள். தாகத்தைத் தளர்த்துகிறார்கள் ஆங்கிலேயர்கள். உறவில்லாத இரு மொழிகள் ஒரே காட்சியைக் கண்டிருக்கின்றன. மும்மொழி கற்கும் நம் பிள்ளைகளைத் தவிர வேறு யாரால் இதனை இவ்வளவு எளிதில் காண இயலும்?

ஆசிரியர்கள் சிலர் ‘இதற்கெல்லாம் நேரம் எங்கே?’ என்பார்கள். பாடவேளையோ 30 நிமிடம். அதிலும் வருகைப்பதிவும் கோப்புகளும் பாதியை விழுங்கிவிடுகின்றன. அக்குறை மெய்யே. ‘தேர்வில் வருமா?’ என்னும் கேள்வியும் உண்டு. 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டுவிட்டது, கேள்வி மட்டும் நீங்கவில்லை! நான் எல்லாச் சொற்களுக்கும் வேர் தேடச் சொல்லவில்லை. வாரத்திற்கு ஒரு சொல் போதும். அதற்கு முன், ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே ஆசிரியர் அறையில் அமர்ந்து தேநீர் அருந்தும் வேளையில் ‘இந்த வாரம் நீங்கள் எந்த வினையைக் கற்பிக்கிறீர்கள்?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவேண்டும். என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது.

கருவிகளைப் பொறுத்தவரை ஆங்கிலத்திற்குக் குறையில்லை. ஆக்சுபோர்டு பேரகராதியின் முதற்பகுதி 1884-இல் வெளிவந்து, 1928-இல் முதற்பதிப்பு நிறைவுற்றது. ஒவ்வொரு சொல்லும் எந்தக் காலத்தில் எந்தப் பொருளில் ஆளப்பட்டது என்பதை அது மேற்கோளோடு காட்டுகிறது. தமிழில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இலக்கிய மேற்கோள்கள் உண்டு, ஆண்டுகள் இல்லை. பாவாணர் தலைமையில் 1974-இல் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தொடங்கியது. அவர் 1981-இல் மறைந்தார். முதல் மடலம் 1985-இல் வெளிவந்தது. ‘ஸ்லேக்’ எப்போது தாகத்திற்கு வந்தது என்று நம் பிள்ளைகள் கேட்டால் 14-ஆம் நூற்றாண்டு என்று சொல்லிவிடுகிறோம். அதே பிள்ளைகள் ‘பசியாறு’ எப்போது இங்குக் காலையுணவுக்கு வந்தது என்று கேட்டால் அகராதியைத் தேடிப் பயனில்லை; தாத்தா பாட்டியிடம்தான் போகவேண்டும்.

எனவே ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம், அவர்கள் சிறுவயதில் எந்த வேளை உணவைப் ‘பசியாறல்’ என்றார்கள், என்ன உண்டார்கள் என்று கேட்டு எழுதி வரவேண்டும். இதுவரை பதினோரு தாள்கள் வந்துள்ளன. ஒரு மாணவியின் பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் வெறும் வயிற்றோடு வெட்டுக்குப் போய், பால் எடுப்பதற்கு முன் மரத்தடியில் அமர்ந்து உண்பதுதான் பசியாறலாம். வீட்டில் குடித்துவிட்டுப் போகும் வரக்காப்பி அதில் சேராதாம். ‘காப்பி தாகத்துக்கு, பசியாற வேற’ என்று பாட்டி சொன்னதை அம்மாணவி அப்படியே பேச்சுவழக்கில் எழுதி வந்திருந்தாள். நான் திருத்தவில்லை.